கென்ட்ரிக் லமாரும் காம்ப்டனும்: புகழ், நேர்மை, ஊர்ப்பெருமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட, 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி) இடைவேளை நிகழ்ச்சிக்குப் பிறகு கென்ட்ரிக் லமார் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவில் மட்டும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த நிகழ்ச்சி அது. அதன்பின் நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: ஊரைப் பாடிப் புகழ்பெற்றவன், அந்தப் புகழாலேயே ஊரைவிட்டு விலகிப்போன பிறகு, யாருக்காகப் பேசுகிறான்?

கென்ட்ரிக் லமார் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முழுப்பெயர் கென்ட்ரிக் லமார் டக்வொர்த். 1987 ஜூன் 17 அன்று கலிஃபோர்னியா மாநிலத்தின் காம்ப்டன் நகரில் பிறந்தவர். பெற்றோர் சிகாகோவைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்த கேங் சூழலிலிருந்து தப்பிக்க 1984இல் 500 டாலரோடு கிளம்பி காம்ப்டனுக்கு வந்தார்கள். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதைதான். மகன் படிப்பில் கெட்டி, அதிகம் பேசாத பையன். 16 வயதில் கே.டாட் என்ற பெயரில் முதல் மிக்ஸ்டேப்பை (தானாகவே வெளியிடும் பாடல் தொகுப்பு) வெளியிட்டார். அதன் பலனாக ஆன்தனி டிஃபித் நடத்திய டாப் டாக் என்டர்டெயின்மென்ட் இசை நிறுவனத்தில் இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில் புனைபெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரிலேயே பாடத் தொடங்கினார். 2012இல் வந்த ‘குட் கிட், மேட் சிட்டி’ ஆல்பம் அவரை உலகறியச் செய்தது.

காம்ப்டன் என்பது லாஸ் ஏஞ்சல்ஸின் ஒரு பேட்டையா?

இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்துக்குள் இருந்தாலும், 1888 முதலே தனக்கென நகராட்சி கொண்ட தனி ஊர். பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 96,000 பேருக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் ஒரு நடுத்தர ஊர்.

இந்த ஊரின் கதை தெரியாமல் லமாரின் பாடல்கள் பாதிதான் புரியும். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஒரு காலத்தில் இங்கே வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின. 1965இல் பக்கத்திலிருக்கும் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபின், மிச்சமிருந்த வெள்ளையர்களும் கடைக்காரர்களும் வெளியேறினார்கள். வட்டாரத்துத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. நகராட்சியின் வரி வருமானம் வற்றியது. 1980களில் கிராக் போதைப்பொருள் வந்து சேர்ந்தது. சிவப்பு நிறத்தை அடையாளமாகக் கொண்ட பிளட்ஸ் கேங்கின் வேர் காம்ப்டனின் பைரு தெருவில்தான் இருக்கிறது. நீல நிறத்து கிரிப்ஸும் அதே ஊரில் உண்டு. இன்று அங்கே பெரும்பான்மை லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். கறுப்பினத்தவர் ஏறத்தாழ கால் பங்கு. ‘காம்ப்டன் என்றால் கறுப்பர் ஊர்’ என்ற படிமம் பழையதாகிவிட்டது, ஆனால் பாடல்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ராப் பாடகர்கள் ஏன் ஊர்ப்பெயரை இத்தனை முறை சொல்கிறார்கள்? கொஞ்சம் அலுப்பாக இல்லையா?

அலுக்கத்தான் செய்கிறது, மூன்றாம் தர ராப்பில். ஆனால் காம்ப்டன் விஷயத்தில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். காம்ப்டன் புலவார்டு என்ற நெடுஞ்சாலை பல ஊர்களைக் கடந்து செல்கிறது. காம்ப்டனுக்குக் கெட்ட பெயர் வந்ததும் அக்கம்பக்கத்து ஊர்கள் தங்கள் எல்லைக்குள் அந்தச் சாலையின் பெயரையே மாற்றிவிட்டன. கிழக்கே பாரமவுண்ட் நகரில் அது சாமர்செட் புலவார்டு. மேற்கே போனால் மரீன் அவென்யூ. பெயர்ப்பலகையில்கூட அந்த ஊரின் பெயர் கூடாதாம்!

பக்கத்து ஊர்க்காரன் அழிக்கும் பெயரை உரக்கச் சொல்வது வெறும் மார்தட்டல் ஆகிவிடாது. 1988இல் காம்ப்டனின் ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ அந்தப் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. அச்சமும் கவர்ச்சியும் சேர்ந்தே பரவின. 1995இல் அந்தக் குழுவில் இருந்த காம்ப்டன்காரர் டாக்டர் டிரேவும் ராப் நட்சத்திரம் டூபாக்கும் காம்ப்டன் சந்தை வளாகத்தில் ஒரு பாடலைப் படமாக்கியபோது, எட்டு வயது கென்ட்ரிக் தந்தையின் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். இதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் அதே டிரேதான் அவரைத் தன் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார்.

லமார் கேங் உறுப்பினராக இருந்தாரா? இல்லையென்றால் அந்த வாழ்க்கையைப் பாட அவருக்கு என்ன தகுதி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ராப் உலகில் ‘உண்மையானவன்’ என்ற பட்டம் வாங்க வழக்கமான வழி ஒன்று உண்டு: நான் சுட்டேன், நான் விற்றேன், நான் சிறைக்குப் போனேன் என்று பட்டியல் போடுவது. செய்யாதவனும் செய்ததாகப் பாடுவான். லமார் இந்த வழியை விட்டு விலகினார். ஐந்து வயதில் வீட்டு வாசலருகே ஒருவர் சுட்டுக் கொல்லப்படுவதைக் கண்டவர் அவர். உறவினர்களும் நண்பர்களும் கேங்குகளில் இருந்தார்கள். அவர் கூடவே இருந்தார், பார்த்தார், சில நேரம் கூடச் சேர்ந்து தப்பும் செய்தார். 2012 ஆல்பத்தின் ஒரு பாடலில், தனியாக இருக்கும்போது சாதுவான பையன், நண்பர்களோடு காரில் ஏறியதும் வேறு ஆளாகி ஒரு வீட்டில் திருடப் போகிறான். பாட்டில் வீரம் கொஞ்சம்கூட இல்லை. கூட்டத்தோடு சேர்ந்தால் தன் கால் எங்கே போகும் என்று தெரியாத பதினேழு வயது மட்டும்தான் இருக்கிறது.

ஆல்பத்தின் அட்டைப்படத்தையும் பாருங்கள். உறவினர்களின் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையாக அவர். மேசையில் பால் புட்டியும் பெரிய பீர் பாட்டிலும் அருகருகே. மாமனின் கைவிரல்கள் கேங் சைகை காட்டுகின்றன. பெரியவர்களின் கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்துவிட்டார்; குழந்தையின் கண்கள் மட்டும் திறந்திருக்கின்றன. அவர் கோரும் தகுதி இதுதான்: நான் செய்தவன் என்பதைவிட, நான் பார்த்தவன்.

அதே ஆல்பத்தில் பாடல்களுக்கு இடையே பெற்றோரின் தொலைபேசிச் செய்திகள் வருகின்றன. தந்தையின் குரல் ஓரிடத்தில் மகனுக்கு உண்மையான ஆண் யார் என்று விளக்குகிறது. ஒருவனைக் கொல்வது யாராலும் முடியும், அதனால் ஒருவன் உண்மையானவன் ஆகிவிட மாட்டான். பொறுப்பு, குடும்பத்தைக் காப்பாற்றுவது, கடவுள், இவைதான் உண்மை என்கிறது. ராப் இசை கால் நூற்றாண்டாக மோதிக்கொண்டிருந்த ஒரு வாதத்தை, டொமினோ காய்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு அப்பா அரை நிமிடத்தில் முடித்துவைக்கிறார்.

மற்றவர்களின் துயரத்தைப் பாட்டாக்கிப் பணம் பார்ப்பது சுரண்டல் இல்லையா?

இந்தக் குற்றச்சாட்டை மற்றவர்கள் வைப்பதற்கு முன் அவரே தன்மேல் வைத்துக்கொண்டார். அதனால்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. 2012 ஆல்பத்தில் பன்னிரண்டு நிமிடப் பாடல் ஒன்று இருக்கிறது: ‘சிங் அபவுட் மீ, ஐ’ம் டையிங் ஆஃப் தர்ஸ்ட்’. முதல் பகுதியில் பேசுவது, தம்பியைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்த ஒருவன். தம்பியின் கடைசி நிமிடங்களில் கூட இருந்ததற்கு லமாருக்கு நன்றி சொல்கிறான். உன் ஆல்பம் வருவதற்குள் நான் போய்விட்டால் என்னைப் பற்றிப் பாடு என்று கேட்கிறான். அந்த வாக்கியம் முடிவதற்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அவன் பேச்சு அங்கேயே அறுபடுகிறது. தாளம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் பகுதிதான் முகத்தில் அறைகிறது. 2011இல் வந்த முந்தைய ஆல்பத்தில் கீஷா என்ற பாலியல் தொழிலாளிப் பெண்ணின் கதையை அவர் பாடியிருந்தார். இப்போது கீஷாவின் தங்கை வந்து சண்டை பிடிக்கிறாள். என் அக்காவின் கதையை ஊரறியப் பாட உனக்கு யார் அனுமதி கொடுத்தது? நீ யார் எங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல? என்னைப் பற்றி மட்டும் பாடிவிடாதே, நான் மங்கிப்போக மாட்டேன் என்கிறாள். அப்படிச் சொல்லச் சொல்ல அவள் குரலின் ஒலி குறைந்துகொண்டே போய்க் காற்றில் கரைகிறது. ஒருவன் பாடச் சொன்னான், ஒருத்தி பாடாதே என்றாள். பாடகன் இருவரையும் பாடினான். பாடியது சரியா என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. மூன்றாம் பகுதியில் தன் குரலில் வந்து, நான் செய்தது தகுமா என்று அவளிடமே கேட்கிறார்.

பிறர் வாழ்க்கையை எழுதும் எவரும், ராப் பிடிக்காவிட்டாலும்கூட, இந்தப் பாடலை ஒருமுறையாவது கேட்கலாம்.

புகழ் வந்த பிறகு என்ன மாறியது?

பார்த்தவன் என்ற தகுதிக்கு ஒரு சிக்கல் உண்டு. பார்த்துக்கொண்டிருக்க அங்கே இருந்தாக வேண்டும். ஆல்பம் வென்றதும் அவர் உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் ஊரில் நண்பர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தி பேருந்திலோ ஹோட்டல் அறையிலோ வந்து சேரும். 2015இல் வந்த ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ முழுவதும் இந்தக் குற்றவுணர்வுதான்.

அதில் ‘யூ’ என்று ஒரேயொரு எழுத்தில் தலைப்பிட்ட பாடல் இருக்கிறது. ஹோட்டல் அறை, பாட்டில்கள் உரசும் சத்தம், குடித்துவிட்டுத் தேம்பும் குரல். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் ஸ்பானிஷ் மொழியில் கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவனால் திறக்க முடியவில்லை. குரல் தன்னையே திட்டுகிறது: சாகக் கிடந்த நண்பனை மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கவில்லை, வீடியோ அழைப்பில் ஒரேயொரு முறை பேசினாய், நீயெல்லாம் ஒரு நண்பனா என்று. ஆயிரக்கணக்கானோருக்கு முன் மேடையில் பேசத் தெரிந்தவனுக்குத் தன் தங்கையிடம் பேச நேரமில்லை என்று அடுத்த அடி விழுகிறது. புகழின் சுமையைப் பற்றிப் பாடாத நட்சத்திரம் இல்லை. பெரும்பாலும் அதில் ஒரு சொகுசான அலுப்பு இருக்கும். இதில் அந்தச் சொகுசு துளியும் இல்லை. ஊரிலிருந்து வந்திருக்க வேண்டிய வசவை அவரே எழுதித் தனக்குப் படித்துக்காட்டுகிறார்.

இன்னொரு பாடலில், ஊர் நண்பன் ஒருவனை விருது விழாவுக்குக் கூட்டிச் செல்கிறார். அங்கே நகைகளோடு உலவும் நட்சத்திரங்களைப் பார்த்ததும், இவர்களைக் கொள்ளையடிக்கலாமே என்றுதான் அவனுக்குத் தோன்றுகிறது. சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. ஆளை ஊரிலிருந்து கிளப்பிவிடலாம், ஊரை ஆளிடமிருந்து கிளப்புவது அவ்வளவு சுலபமில்லை.

2014இல் தென்னாப்பிரிக்கா சென்று, நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறையைப் பார்த்தது இந்த ஆல்பத்தின் போக்கையே மாற்றியது. அங்கே ஒரு பெட்ரோல் பங்கில் சில்லறை கேட்ட ஏழையைத் துரத்திய அனுபவத்தையும் பாடலாக்கியிருக்கிறார். பணம் வந்தபின் தன் மனம் எப்படி இறுகியது என்பதற்கு அது அவர் கொடுக்கும் வாக்குமூலம்.

இப்போதும் காம்ப்டனில்தான் வசிக்கிறாரா?

இல்லை, பல ஆண்டுகளாக இல்லை. அதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு நிப்ஸி ஹஸ்ஸிலை நினைவூட்டுவேன். லாஸ் ஏஞ்சல்ஸின் கிரென்ஷா பகுதியில் வளர்ந்து, அங்கேயே கடை திறந்து, அந்த வணிக வளாகத்தையே விலைக்கு வாங்கி, ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுத்த ராப் கலைஞர். 2019 மார்ச் 31 அன்று தன் கடை வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் லமார் வெளியிட்ட ஒரு பாடலின் கடைசிப் பகுதி நிப்ஸியின் குரலில் எழுதப்பட்டது. இறந்தவர் தன்னைக் கொன்றவனை மன்னிக்கிறார். ஊரிலேயே இருப்பதுதான் உண்மைக்கு அடையாளம் என்று தொலைவில் உட்கார்ந்து சொல்வது எளிது.

ஊருக்கு அவர் என்ன செய்தார்?

2016 பிப்ரவரியில் அப்போதைய மேயர் ஏஜா பிரவுன் காம்ப்டன் நகரின் கௌரவச் சாவியை அவருக்கு வழங்கினார். அது சடங்கு. அவருடைய அம்மா கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2012 ஆல்பத்தின் தொலைபேசிச் செய்திகளில் ஆரம்பத்தில் அம்மாவுக்கு இருக்கும் ஒரே கவலை, மகன் எடுத்துப்போன வேனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது. முடிவில் அவர் குரல் மாறுகிறது. நீ மேலே வந்துவிட்டால் காம்ப்டன் பிள்ளைகளிடம் உன் கதையைச் சொல், உன் சொற்களால் அவர்களுக்கு ஊக்கம் கொடு, ஊருக்குத் திருப்பித் தர அதுதான் சிறந்த வழி என்கிறார்.

இதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது 2024இல் தெரிந்தது. ஜூன் 19 அன்று பக்கத்து ஊரான இங்கிள்வுட்டில் நடத்திய கச்சேரியில், வட்டாரத்தின் இளம் கலைஞர்களை முதலில் மேடையேற்றினார். இறுதியில் பகை கேங்குகளைச் சேர்ந்தவர்களை ஒரே மேடையில் நிறுத்தி ஒரு குழுப்படம் எடுத்தார். ஒருவரையொருவர் கண்டால் ஆயுதம் எடுக்கும் நிறங்கள், ஒரு புகைப்படக்காரருக்காக நெருக்கியடித்து நின்றன. ஒரு படத்தால் பகை தீர்ந்துவிடாது. ஆனால் அப்படி ஒரு படம் எடுக்க முடிந்ததே பெரிய காரியம். நவம்பரில் முன்னறிவிப்பில்லாமல் வந்த ‘ஜிஎன்எக்ஸ்’ ஆல்பத்திலும், ஊருக்கு வெளியே பலர் கேள்விப்படாத உள்ளூர் ராப்பர்கள் பலர் பாடியிருக்கிறார்கள். முதலில் ஒலிப்பது, மெக்சிகோவின் மரபிசையான மரியாச்சியைப் பாடும் டேரா பரேரா என்ற பாடகியின் குரல். இன்றைய காம்ப்டனின் மக்கள்தொகையை நினைத்துக்கொண்டால் அந்தத் தேர்வின் பொருத்தம் விளங்கும்.

தன்னை மக்களின் தலைவர் என்று நினைக்கிறாரா?

மற்றவர்கள் அப்படி நினைத்தார்கள். 2015இல் காவல்துறை வன்முறைக்கு எதிரான போராட்டங்களில் அவருடைய ‘ஆல்ரைட்’ முழக்கமானது. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில், ஃபெர்குசன் நகரில் காவலர் ஒருவர் கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்ற சம்பவத்தை ஒட்டிய ஒரு பேட்டியில், நாம் நம்மையே மதிக்காதபோது மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள் என்ற தொனியில் பேசிச் சொந்தச் சமூகத்தாரிடமே வாங்கிக்கட்டிக்கொண்டார். அந்த விமர்சனம் நியாயமானது என்பது என் கருத்து. சுடப்பட்டவனிடம் சுயமரியாதைப் பாடம் எடுப்பது அந்த நேரத்துக்குப் பொருந்தாத பேச்சு. 2022 ஆல்பத்தின் அட்டையில் முள்முடி அணிந்து நின்றபடியே, உள்ளே ஒரு பாடலில் நான் உங்கள் இரட்சகன் இல்லை என்று அறிவித்தார். முடியையும் போட்டுக்கொண்டு மறுப்பும் சொல்வது கொஞ்சம் இரட்டை வேடம்தான்.

டிரேக்குடனான சண்டையில் ஊர்ப்பெருமை எல்லை மீறியதா?

2024 மே 4 அன்று வந்த ‘நாட் லைக் அஸ்’ பற்றிக் கேட்கிறீர்கள். கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ராப் நட்சத்திரம் டிரேக்கைத் தாக்கும் பாடல். ஒரு வரியில் சொன்னால் வாதம் இது: நீ எங்களில் ஒருவன் இல்லை, அமெரிக்காவின் தெற்கத்திய ஊர்களின் இசையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு பணம் பண்ணுகிற அந்நியன். வீடியோவை காம்ப்டன் நீதிமன்ற வளாகத்தில் ஊர் மக்களைத் திரட்டிப் படமாக்கினார். இங்கிள்வுட் மேடையில் ஐந்து முறை அடுத்தடுத்துப் பாடினார். 2025இல் ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன.

பாட்டு அபாரம், அதில் சந்தேகமில்லை. இசையமைப்பாளர் மஸ்டர்டின் தாளம் காலைச் சும்மா இருக்க விடாது. எனினும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. சிறார் தொடர்பான மிகக் கடுமையான குற்றச்சாட்டுகள், ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படாமல், ஆடத்தக்க பல்லவிக்குள் வைக்கப்பட்டன. டிரேக் அவற்றை மறுத்தார். பாடலை வெளியிட்ட இசை நிறுவனத்தின்மேல் 2025 ஜனவரியில் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தன்னையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டவர் இந்தப் பாடலில் எதிராளியை மட்டுமே ஏற்றுகிறார். ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் தானும் சந்தேகத்துக்குரியவன் என்ற பழைய லமார் இதில் இல்லை. ஊர் திரண்டு அவரோடு ஆடியது அவர்களுக்கு நியாயமான கொண்டாட்டம். எனக்கோ, கீஷாவின் தங்கையோடு வாதாடும் அந்தப் பழைய பாடல்தான் பெரிது.

ராப்புக்கு புலிட்சர் விருது கொடுத்தது இவருக்குத்தானே?

ஆம். 2017இல் வந்த ‘டேம்ன்’ ஆல்பத்துக்காக 2018இல். புலிட்சரின் இசைப் பிரிவில், அதுவரை மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே கிடைத்துவந்த விருது. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடலில் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. அவருடைய தந்தை ஒரு கேஎஃப்சி கடையில் வேலை பார்த்தார். அடிக்கடி வரும் ஒரு முரட்டு வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கோழியும் கூடுதலாக இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து நல்லபடி வைத்துக்கொண்டார். அந்த ஆள் கடையைக் கொள்ளையடிக்கத் திட்டமிட்டிருந்தவர். தந்தையை மட்டும் விட்டுவைத்தார். அவர்தான் ஆன்தனி டிஃபித். தன் மகனை ஒப்பந்தம் செய்தவர் யார் என்று பல ஆண்டுகள் கழித்து ஸ்டுடியோவில்தான் தந்தைக்குத் தெரிந்தது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

2012 ஆல்பத்திலிருந்து. வரிசையை மாற்றாமல், ஒரே மூச்சில், பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. இடையில் வரும் தொலைபேசிச் செய்திகளைத் தாண்டிவிடாதீர்கள். கதை அங்கேதான் நகர்கிறது. வசைச்சொற்கள் ஏராளம் என்பதால் பிள்ளைகள் இருக்கும் அறையில் ஹெட்ஃபோன் நல்லது. பிறகு 2015 ஆல்பம். அதில் ஜாஸ் கலைஞர்கள் கமாசி வாஷிங்டன், தண்டர்கேட் போன்றவர்கள் வாசித்திருப்பதால் முதல் கேட்பில் தலை சுற்றும். இரண்டு வாரம் விட்டுத் திரும்பக் கேளுங்கள். ‘நாட் லைக் அஸ்’ஸை நீங்கள் தேடிப்போகத் தேவையில்லை, ஏதாவது ஒரு கல்யாண வரவேற்பிலோ ரீல்ஸிலோ அதுவே உங்களைத் தேடி வந்திருக்கும்.